கங்கம்மா புடவையின் சாயம்

கங்கம்மாவின் தோளிலிருந்து தண்ணீர் சிவப்பாக இறங்கியது.

பூசாரி குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அவர் ஊற்றியது மஞ்சள் தண்ணீர். அம்மன் காலடியில் வந்து தேங்கியதோ குங்குமத்தைக் கரைத்துவிட்டது மாதிரி இருந்தது. மேளக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். பம்பை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

அம்மன் உடுத்தியிருந்தது எங்கள் வீட்டுப் புடவை.

போன வாரம், நான் நகரிக்கு மருமகளாக வந்து இறங்கியதைச் சொல்லியிருந்தேன். இது அதற்கு அடுத்து வந்த ஜாத்திரை, எங்கள் ஊர்க் கங்கம்மா திருவிழா. சித்திரை வெயிலில் கோயில் வாசல் கல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்புத் தண்ணீர் படியில் இறங்கி என் கால்விரலைத் தொட்டபோது சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு இன்றைக்கும் என் காலில் இருக்கிறது.

சாயக் கொட்டகை

என் மாமனார் வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடியது. பின்பக்கம் சாயக் கொட்டகை. தெருவில் பலபேருக்குத் தறி இருந்தாலும் சாயம் போட எங்கள் மாமாவிடம்தான் நூல் வரும். அதனாலேயே வருஷா வருஷம் ஜாத்திரைக்கு அம்மன் புடவை கொடுக்கும் உரிமையும் எங்கள் வீட்டுக்கு இருந்தது. சிவப்பு உடல், மஞ்சள் கரை. மாமாவுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

எனக்கு அந்தக் கொட்டகையை ரொம்பப் பிடித்துப்போனது. பிறந்த வீட்டில் நான் கண்டது களை வெட்டுகிற கூலி வேலைதான். இங்கே வெள்ளை நூல் தொட்டிக்குள் போய், பார்க்கப் பார்க்க வேறொன்றாகி மேலே வந்தது. நூலைக் கற்றை கற்றையாக, சிட்டம் என்போம், கோலில் மாட்டித் தொட்டியில் இறக்கி, சிட்டத்தைத் திருப்பித் திருப்பி விட வேண்டும். உப்பு எப்போது, சலவை சோடா எப்போது என்று மாமா வாயைத் திறந்து சொல்லமாட்டார். கையை மட்டும் நீட்டுவார். சில மாதத்திலேயே, கை நீட்டுவதற்கு முன் நான் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். “இவளுக்குக் கண்ணுல சாயம் இருக்குது” என்று ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அதைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

கொட்டகைக்கு ஒரு கட்டு இருந்தது. அடுப்பு மூட்டும் முன் கங்கம்மாவுக்குக் கற்பூரம் காட்ட வேண்டும். தூரமாகி ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பெண் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் சாயம் நூலில் நிற்காது, அதிலும் சிவப்பு நிற்கவே நிற்காது என்பார்கள். நானும் அதை நம்பினேன். தெருவில் நம்பாதவர்கள் யாரும் இல்லை.

அறுந்துபோகாத நூல்

வெளிநாட்டுச் சாமான் எல்லாம் இனி தடையில்லாமல் வரும் என்று பேப்பரில் போட்ட காலம் அது. எனக்குப் படிப்பு எட்டாவது வரை, அதுவும் தெலுங்கில். தமிழ் எழுத்தை அரக்கோணம் ரயிலில் வரும் வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டேன். அதனால் பெரிய விஷயமெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: வெளியூர் லாரிகள் தெருவுக்குள் வந்தன. நூல் மூட்டை இறங்கியது. பழைய நூலைவிட விலை குறைவு, கொஞ்சம் பளபளப்பு.

ஜாத்திரைக்கு முன்னால் மாமாவும் அதில் ஒரு மூட்டை வாங்கினார். காட்டன்தான், புது மில் சரக்கு என்று வியாபாரி சொன்னான். மாமா ஒரு இழையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அது அறுபடவே இல்லை. அவர் முகம் மலர்ந்துபோனது. தறிக்காரனுக்கு இழை அறுவதுதானே தலைவலி.

சாயம் போட்ட அன்று நான் கொட்டகையில் இருந்தேன். காப்பி கொடுக்கப் போனவள், அப்படியே நின்று சிட்டம் திருப்பினேன். நூல் மேலே வந்தபோது நல்ல சிவப்பு. அலசத் தொடங்கியதும்தான் வெளுத்தது. வழக்கமாக நாலைந்து அலசலில் தண்ணீர் தெளிந்துவிடும். அன்றைக்கு அலச அலசச் சிவப்பு போய்க்கொண்டே இருந்தது. மாமா திரும்பவும் தொட்டியில் போட்டார். சாயத்தைக் கூட்டினார், உப்பைக் கூட்டினார். மறுபடி அலசினால் மறுபடியும் அதே கதை.

ஜாத்திரைக்கு நாள் இல்லை. பாவு போட்டு நெய்ய வேண்டும். கடைசியில் அலசுவதையே நிறுத்தச் சொன்னார். “போதும், நெழல்ல காயப் போடு. காஞ்சா நின்னுக்கும்.” காய்ந்தபின் அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டுமே, ரத்தினம் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் முனிரத்தினம்தான் நெய்தார். விரலெல்லாம் சிவந்துபோச்சே என்று காட்டினார். வேர்வை என்று சொல்லிக்கொண்டோம்.

முற்றத்தில் கேட்டது

ஜாத்திரை அன்று சாயந்தரம் சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாமா தொட்டி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயக்காரர் கை, நகக்கண்ணில் எப்போதும் சிவப்பு இருக்கும்.

மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

“தேசம்மா, நூலு முக்கன அன்னிக்கு நீ கொட்டாய்க்குள்ள போனியா?”

“போனேன் அத்தே. மாமாவுக்குக் காப்பி குடுக்கப் போனேன்.”

“நீ எப்போ தூரமானே?”

“மறாநாளு காலைல.”

“மறாநாளா, இல்ல அன்னிக்கேவா? நல்லா யோசிச்சிச் சொல்லு.”

மறாநாளுதான் என்றேன். மறுபடி கேட்டார். அதட்டியெல்லாம் கேட்கவில்லை. நயமாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர்களும் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்கவும் எனக்கே சந்தேகம் வந்தது. சாயம் போட்ட அன்று சாயந்தரமே வயிறு வலித்ததே, ஒருவேளை அப்போதே ஆரம்பித்து, சிட்டம் திருப்புகிற ஆசையில் கவனிக்காமல் விட்டேனோ? மாமாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

“இருக்கலாம் அத்தே,” என்றேன்.

முற்றத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். நிஜமாகவே அந்தச் சத்தம் கேட்டது. காரணம் தெரிந்துவிட்டது, இனிப் பரிகாரம் செய்தால் போதும் என்கிற மூச்சு.

அதன்பிறகு நான் கொட்டகைக்குள் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை, நானாகவே போகவில்லை. அடுத்த ஜாத்திரைக்கு வேறு வீட்டுப் புடவை அம்மனுக்குப் போனது. சாயத்துக்கு நூல் கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு நின்றேபோனார்கள். என் வீட்டுக்காரர் திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போனார். தெருவில் பாதி ஆண்பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போன காலம்தான். ஆனாலும் எங்கள் வீட்டிலிருந்து போனவர் என்னால்தான் போனார் என்று நினைத்து நினைத்து உருகினேன்.

திருமலைக்கு நடந்து ஏறி முடி கொடுத்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. திரும்பி வந்ததும் மாமியாரே என் மொட்டைத் தலையில் சந்தனம் தடவிவிட்டார். “குளுகுளுன்னு இருக்கும், அப்படியே இரு” என்றார். அந்த விரல்களில் கோபமே இல்லை. அதனால்தான் என் தப்பு இன்னும் உறுதியாகிவிட்டது எனக்கு.

விளக்குத் திரி

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மூட்டையில் சாயம் போடாத வெள்ளை நூல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வீணாக்க வேண்டாமே என்று திரித்து விளக்குக்குத் திரி போட்டேன். எண்ணெய் சரியாக ஏறவில்லை. பற்றவைத்தால் படபடவென்று பொரிந்தது, கறுப்பாகப் புகைந்தது. என்னமோ தீய்ந்த நாற்றம். அணைத்துவிட்டுப் பார்த்தால், திரி நுனியில் மிளகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டை.

விரலால் நசுக்கினேன். நசுங்கவில்லை. பஞ்சுத் திரி எரிந்தால் ஊதினால் பறக்கும் சாம்பல்தானே மிஞ்சும்? இது கல்லாக இருந்தது. என் கையால் ஏற்றும் விளக்கைக்கூட அம்மன் வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கிணற்றடியில் புதைத்துவிட்டு, அழுதேன். அதன்பின் ஒவ்வொரு ஜாத்திரைக்கும் கோயிலுக்குப் போவேன், ஆனால் உள்ளே போகமாட்டேன். வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

உண்மையை அந்த நூலே என் கையில் கொண்டுவந்து கொடுத்தது. எனக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

லாட்ஜ் துணி

பல வருஷம் கழித்து, மாமா காலமானபின், நாங்கள் திருப்பதிக்கு வந்தோம். திருப்பூர் சாயப் புகையில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இங்கே லாட்ஜ்களுக்குப் பெட்ஷீட், தலையணை உறை துவைத்துக் கொடுக்கும் ஒரு லாண்டரியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. பெருமாளைப் பார்க்க வருகிற சனம் படுத்து எழுந்த துணி. மொட்டை போட்டவர்களின் சந்தனம், காப்பி, தலை எண்ணெய் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் துணியைத் துவைப்பதும் ஒரு சேவைதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் இரண்டு பெட்ஷீட்டை அடுத்தடுத்து அலசினேன். இரண்டிலும் காப்பி கொட்டியிருந்தது. ஒன்றில் சுத்தமாகப் போனது. இன்னொன்றில் தேய்க்கத் தேய்க்க அப்படியே நின்றது.

“இன்னாங்க, ரெண்டும் ஒரே வெள்ளதான். இதுல போயிடுது, அதுல போவே மாட்டேங்குது.”

“அது காட்டன், காப்பியப் புடிச்சிக்கும். இது பாலியஸ்டர் கலந்தது, தண்ணில கரையற சாயம் சரியா ஒட்டாது. எண்ணெ பட்டாதான் விடாது.” மிஷினில் துணியைத் திணித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார். “எங்க நைனா அன்னிக்கு வாங்கினு வந்தாரே, அந்த நூலு மாதிரி.”

சொல்லிவிட்டு, திணித்த கை அப்படியே நின்றது.

“எந்த நூலு?” என்றேன்.

அவர் திரும்பாமலே சொல்ல ஆரம்பித்தார். நான் ஈரத் துணியைக் கீழே வைக்காமலே கேட்டேன்.

பருத்தியின் உடம்பு

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். தப்பிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பருத்தியின் உடம்பு முழுக்கத் தண்ணீருக்குப் பிடித்தமான இடங்கள் இருக்கின்றனவாம். அதனால்தான் அது தண்ணீரைக் குடிக்கிறது. சாயம் அந்தத் தண்ணீரோடு உள்ளே போகும். உப்பு அதை இழை பக்கமாகத் தள்ளிவிடும். சோடா போட்டதும் சாயம் இழையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். நிஜ முடிச்சு, அலசினாலும் அவிழாது.

பாலியஸ்டரில் அந்த மாதிரி இடம் கிடையாது. உள்ளே அதன் இழைகள், தரிசன க்யூவில் கம்பிக்கூண்டுக்குள் நெருக்கி நிற்கும் சனம் மாதிரி இடுக்கில்லாமல் நிற்கின்றன. அந்த நெருக்கத்தால்தான் இழுத்தாலும் அறுகிறதில்லை. அதே நெருக்கத்தால்தான் தண்ணீரும் சாயமும் உள்ளே போக முடிகிறதில்லை. மாமாவுக்குப் பிடித்த குணமும் அவரைக் கவிழ்த்த குணமும் ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கின்றன. அதற்கென்று சாயம் வேறு. பெரிய குக்கர் மாதிரி மூடிய மிஷினில், கொதிக்கிற தண்ணீரைவிட அதிகச் சூட்டில் வேகவைத்தால் அந்தக் கூட்டம் கொஞ்சம் தளரும். அப்போது சாயம் உள்ளே நுழையும். ஆறினால் மறுபடி நெருங்கி, சாயத்தை உள்ளேயே வைத்து மூடிக்கொள்ளும்.

எங்கள் நூல் இரண்டும் கலந்தது. பருத்திப் பங்கு சாயத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றதன் மேல் சாயம் சும்மா காய்ந்து உட்கார்ந்திருந்தது, அலசுவதை நிறுத்தியதால். கோயிலில் தண்ணீர் பட்டதும் இறங்கிவிட்டது. பஞ்சு எரிந்தால் சாம்பல், பாலியஸ்டர் எரிந்தால் உருகி உருண்டை; அன்றைக்கு என் திரி நுனியில் இருந்தது அதுதான்.

என் மகள் பத்தாவது படிக்கும்போது தோசைக்கல்லில் உப்பும் சர்க்கரையும் தனித்தனியாகப் போட்டுக் காட்டினாள். சர்க்கரை உருகிப் பழுப்பாக ஓடியது. உப்பு படபடத்ததே தவிர உருகவில்லை. இரண்டும் வெள்ளைதான், இரண்டும் தண்ணீரில் கரைவதுதான். உள்ளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் விதம் வேறு என்றாள். அன்றைக்கு, கல்லைக் கெடுக்கிறாயே என்று திட்டினேன்.

தெரிந்தவர்கள்

“எப்பத்துலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“திருப்பூரு போன மொத வருசமே.”

மிஷின் சத்தத்தில் நான் கேட்டது சரிதானா என்று நினைத்தேன். அவரே அதை நிறுத்தினார்.

“நைனாகிட்ட சொன்னேன் மே. அந்தப் பொங்கலுக்கு வந்தப்பவே சொன்னேன். அப்புறம், ‘அவகிட்ட நானே சொல்றேன்டா’ன்னாரு. சொல்லியிருப்பாருன்னு நெனச்சினு இருந்தேன்.”

“நெனச்சினு இருந்தீங்களா?”

அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இல்ல. சொல்லலன்னு தெரியும். ஒவ்வொரு ஜாத்திரைக்கும் நீ உள்ள போவாம வாசல்லயே நின்னியே. பாத்துக்கினுதான இருந்தேன்.”

நான் சண்டை போடவில்லை. அன்றைய துணி முழுவதையும் துவைத்து முடித்தோம். இரண்டு பேரும் ஆளுக்கொரு நுனி பிடித்து முறுக்கிப் பிழிய வேண்டிய வேலை, அன்றைக்கும் அப்படியே பிழிந்தோம்.

அப்புறம்தான் மாமா ஞாபகம் வந்தது. அந்தப் பொங்கலுக்குப் பின் ஒருநாள் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அடுப்படிப் பக்கமே வராதவர். “தேசம்மா” என்றார். என்ன மாமா என்று எழுந்தேன். கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தார். “வெந்நி இருக்குதா?” என்றார். கொடுத்தேன். குடிக்காமல் சொம்போடு நடந்து போனார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பாவம், எந்த நூலாக இருந்தாலும் சாயம் நிற்கவைக்கிறவர் என்று பெயரெடுத்தவர். கொட்டகை போய், உரிமை போய், மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் மருமகளிடம் கொடுத்துவிட மனசு வரவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட, அவர் அந்த வெந்நீரைக் குடிக்காமல் போனது ஒன்றுதான் நெஞ்சை அறுக்கிறது.

கங்கம்மாமேலும் எனக்கு வருத்தமில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லையே, சொன்னதெல்லாம் நாங்கள்தான். ஆனால் இத்தனை வருஷம் மன்னிப்பு கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்க்கு, இனி என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்த வார்த்தைதான் முதலில் வருகிறது.

அத்தையிடம்

என்னால்தான் சாயம் போனது என்று வீட்டில் இன்னும் நம்பிக்கொண்டிருந்தவர் மாமியார் ஒருவர்தான். நகரியில் சின்ன மகனோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். அவருக்காவது தெரிந்தால் எனக்குப் போதும் என்று தோன்றியது. காலை பாசஞ்சரில் ஏறி, ரேணிகுண்டா, புத்தூர் தாண்டி, நகரியில் போய் இறங்கினேன்.

நடையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும், துன்னியா என்றார். துன்னுட்டுதான் வந்தேன் என்று பொய் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, கலப்பு, காய்ந்து உட்கார்ந்த சாயம், திருப்பூர் மிஷின். அவர் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

“உங்க மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியும் அத்தே.”

கை நின்றது. வெளியே பவர்லூம்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. இப்போதெல்லாம் தெரு முழுக்க அந்தப் பளபளப்பு நூல்தான்.

“அழிச்சிட்டனேடி உன்ன,” என்று சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்கத்தான் ரயிலேறி வந்தேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. மங்கின கண்ணால் என் முகம் இருக்கும் திசையை உற்றுப் பார்த்தார்.

“நூலப் பத்தி உனக்குத் தெரியாதது இருக்கட்டும். எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் அன்னிக்குத் தெரியாது. ஆனா மறாநாளுதான்னு உனக்குத் தெரியுமில்ல. நான் தெரிஞ்சிக்கத்தான கேட்டேன். நீ ஏன்டி இருக்கலாம்னு சொன்னே?”

அவர் கேள்வியை விடாமல், பதிலுக்காகத் தலையைச் சாய்த்து, காதை என் பக்கம் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார்.